இல்லம் தேடி வரும் பேணலும் குறை கூறும் முறையும்

(நமது சங்கத்தின் தாம்பரம் கிளை மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



முதியோரைப் பேணுதல் என்னும் பொருள்பற்றிச் சில சொல்லுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். முதியோரைப் பேணுதல் நல்லறம் என்று யான் இங்கு நின்று மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. அதனை மறுப்பார் இவ்வவையில் ஒருவருமிலர். அதனைச் செய்யாதார் சிலர் இருத்தல் கூடும். அவர்களும் வாயால் மறுக்கமாட்டார்கள். ஆதலின் அப்பெரும்பொருளை விடுத்து, அதனுள் அடங்கிய சிறியதொரு பொருளை எடுத்துக்கொள்ளுகின்றேன். படுக்கையிற் கிடக்கும் முதியோருக்கு அரசாங்கத்தாரும் நகராட்சியாரும் இல்லத்திற்கே அனுப்பும் மருத்துவமும் பணிவிடையும் குறைபடுமாயின், அக்குறையை யாரிடம், எவ்வாறு கூறுவது என்பதே அது. சிறிய பொருள் என்றேன். படுக்கையில் இருப்பவருக்கு அது சிறியதன்று.

நம் ஊர் நோயாளிகளுக்குப் புதியதன்று. டாக்டர் சௌரி முத்து என்பார் 1928இல் இங்குக் காசநோய் மருத்துவசாலை ஒன்றை நிறுவினார். இன்றும் 'சானடோரியம்' என்ற பெயர் இரயில் நிலையத்திற்கே நின்றுவிட்டது. அக்காலத்தில் நோயாளி வீட்டை விட்டுக் காற்றும் வெளிச்சமும் உள்ள இடத்தைத் தேடி வந்தான். மருத்துவம் ஓரிடத்தில் இருக்கும், நோயுற்றோர் அதனை நாடிச் செல்வர் என்பதே அந்நாளைய ஏற்பாடு. மின்சார இரயிலில் ஏறி வர இயலாத கிழவியை எண்ணி அவ்வேற்பாடு செய்யப்படவில்லை.

2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பெற்றபோது அம்முறை தலைகீழாயிற்று. இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரை நோய்க்கும் உரிய மாத்திரைகளை வீட்டிற்கே கொணர்ந்து கொடுத்தல், எழுந்து நடமாட இயலாதார்க்கு இயன்முறை மருத்துவம் செய்தல், தீராநோயுற்றார்க்கு வலி தணித்துப் புண் கழுவிக் கட்டுதல், சிறுநீரகம் செயலிழந்தோர்க்கு வயிற்றின் வழியே செய்யும் டயாலிசிஸ் பைகளைச் சேர்ப்பித்தல் ஆகியவை அத்திட்டத்துள் அடங்கின. ஐக்கிய நாடுகள் சபையின் துறைகளிடைச் செயற்குழு 2024இல் இதற்கு விருதும் அளித்தது. 2025 ஆகஸ்டில் 70 வயது கடந்தார்க்கும் மாற்றுத்திறனாளிகட்கும் ரேஷன் பொருள்களை வீட்டிலேயே கொடுக்கும் 'தாயுமானவர்' திட்டமும் வந்தது. இவற்றைக் குறைத்துக் கூறுவது என் நோக்கமன்று. நாட்டில் முதியோர் தொகை மிக்க மாநிலங்களுள் கேரளத்திற்கு அடுத்தது தமிழகம். 2021ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி நூற்றுக்கு 13.6 பேர் 60 வயதைக் கடந்தவர். இத்தகைய நாட்டில் மருத்துவம் வாயிற்படி ஏறி வருதல் பெரியதொரு நன்மையேயாம்.

நிற்க. நன்மை பெரிதாயிருப்பதனாலேயே ஒரு சங்கடமும் உடன் பிறந்தது. வீடு தேடி வருவதை நம் மக்கள் உதவி என்றே கருதுகின்றனர். உரிமை என்று கருதுவதில்லை. உதவி செய்தாரைக் குறை கூறுதல் நன்றி கெட்ட செயல் அன்றோ? ஆதலின் மாத்திரை பத்து நாள் பிந்தி வந்தாலும், இயன்முறை மருத்துவர் ஒரு மாதம் வாராதொழிந்தாலும், பாட்டியார் வாய் திறப்பதில்லை. மகன் கேட்கப் புறப்பட்டாலோ, "நீ ஒன்றும் கேட்டுவிடாதே அப்பா, அந்தப் பெண் கோபித்துக்கொண்டு அப்புறம் வரவே மாட்டாள்" என்று கையைப் பிடித்துத் தடுத்துவிடுவார். இவ்வச்சத்தைப் பேதைமை என்று நகைத்தல் எளிது. புரண்டு படுப்பதற்கும் பிறர் கையை எதிர்பார்த்திருப்பவர் அக்கையைப் பகைத்துக்கொள்ள அஞ்சுவது பேதைமையன்று. அவர் நிலைக்கு அதுவே அறிவு. ஆகவே அவர் பொருட்டுக் குறை கூறவேண்டியவர் அவரல்லர், நாம்.

குறை கூறுவதற்கு எழும் நம்மவர் முதலிற் சினம் கொள்வது யார்மீது? வாயிற்படியில் வந்து நிற்கும் பெண்பிள்ளைமீது. அவர் பெரும்பாலும் மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து எடுக்கப்பட்டவர். 'தன்னார்வலர்' என்பது அவர்க்கிட்ட பெயர்; அவர் பெறுவது சம்பளமன்று, ஊக்கத்தொகையே. அத்தொகையை உயர்த்த வேண்டுமென்று அவர்களே பன்முறை கோரியிருக்கின்றனர். இனித் திட்டமோ சுகாதாரத் துறையினது. மாத்திரை இருப்பதோ நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில். தன்னார்வலரைத் தேர்ந்து கொடுத்ததோ மகளிர் மேம்பாட்டு நிறுவனம். ஒருவரைக் கேட்டால் மற்றவரைக் காட்டுவர். மூன்று பேர் பொறுப்பில் விடப்பட்ட தோட்டத்துக் கிணற்றில் இறைப்பார் இல்லை என்பது நீங்கள் அறியாததன்று. இவ்வளவும் அறியாமல், மாத்திரை இருப்பில்லாத குற்றத்திற்கு வெயிலில் நடந்து வந்த பெண்ணை வைது அனுப்பிவிட்டுக் குறை கூறிவிட்டதாக மகிழ்கின்றோம்.

இவ்விடத்தில் நம் சங்கத்தாருக்கென்றே ஒரு சொல் உண்டு. கசப்பாயினும் சொல்லாது விடேன். சில இல்லங்களில் எழும் குறை குறையே அன்று. வரும் பெண் இன்ன சாதியாள் என்று விசாரித்தறிந்து, அவள் அடுக்களையில் நுழையலாகாது, தண்ணீர்ப் பானையைத் தொடலாகாது என்று விலக்குதலும், பிறகு "அவள் சரியாகக் கவனிப்பதில்லை" என்று புகார் கூறுதலும் யான் காதாரக் கேட்டவை. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியற் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. மலங்கழுவ ஒரு கை வேண்டும், அக்கை தண்ணீர் மொண்டு கொடுத்தல் ஆகாது என்பவர்க்காக நம் சங்கம் ஒரு வரியும் எழுதித் தராது என்று இன்றே தீர்மானித்துவிடுதல் நலம். நேர்மையான குறைகளுக்கு மதிப்பு உண்டாவது அப்போதுதான்.

இனிச் சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். முதியோரைப் பற்றிய சட்டம் என்றவுடன் நம்மவர் 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தையே எடுத்துக் காட்டுவர். நல்ல சட்டமே. பேணாத பிள்ளைகள்மீது கோட்டாட்சியர் தலைமையில் உள்ள தீர்ப்பாயத்தில் முறையிடலாம். மாதம் 10,000 ரூபாய் வரையில் ஜீவனாம்சம் விதிக்கலாம். பேணுவதாகச் சொல்லிச் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு பேணாதொழிந்தால், அந்நிபந்தனை பத்திரத்தில் இருப்பின், அப்பத்திரத்தையே செல்லாதாக்கலாம். ஆயினும் அது பிள்ளைகளைக் கேட்கும் சட்டம். மாநகராட்சியைக் கேட்கும் சட்டமன்று. அதன் 20ஆம் பிரிவு மருத்துவத்தைப் பற்றிப் பேசுகின்றது. அரசாங்க மருத்துவசாலைகளில் முதியோர்க்கு இயன்றவரை படுக்கை, தனி வரிசை, நாட்பட்ட நோய்க்குச் சிகிச்சை என்றெல்லாம் சொல்லுகின்றது. வீட்டிற்கு வந்து பேணுதலைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இக்குறையை நீக்குதற்கு 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா கொணரப்பட்டது. இல்லப் பேணல் நிறுவனங்கள் பதிவு பெறவேண்டும், அவற்றிற்குக் குறைந்த அளவுத் தரம் விதிக்கப்படவேண்டும் என்பன அதிற் கண்டவை. நிலைக்குழுவிற்கு அனுப்பப்பட்ட அம்மசோதா நிறைவேறுமுன்னரே 2024இல் மக்களவை கலைந்தது. மசோதாவும் அத்துடன் மாய்ந்தது. அதனைப் பற்றிச் செய்தித்தாள்களில் அழுதார் எவரையும் யான் கண்டிலேன்.

பணம் கொடுத்து ஆள் வைத்துக்கொள்ளுவோர் நிலை என்ன என்று கேட்பீர்கள். என் பெரியன்னையார் வாத நோயுற்றுக் கிடந்தபோது ஓர் ஏஜென்ஸியின் வழியாகப் பணிப்பெண் அமர்த்தினோம். முன்பணம் கொடுத்தாயிற்று. வாரம் ஒரு முகம் வந்தது. முன்னவள் அறிந்ததைப் பின்னவள் அறியாள். இரண்டு மணி நேரத்திற்கொருமுறை புரட்டிப் படுக்க வைத்தல் வேண்டுமென்று டாக்டர் சொல்லியிருந்தார். இரவில் அது நடைபெறவில்லை. இடுப்பின் கீழ் உள்ளங்கை அகலத்திற்குப் புண் கண்டது. கேட்டதற்கு வந்த விடை, "வேண்டுமானால் ஆளை மாற்றித் தருகிறோம்" என்பது. ஆனால் இவ்விடத்தில் ஒரு வாயில் திறந்துள்ளது. விலை கொடுத்துப் பெறும் பணி குறைபட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். செங்கற்பட்டில் அத்தகைய ஆணையம் இருக்கின்றது. இலவசமாய்ப் பெறும் பணியை அச்சட்டம் பணி என்றே கொள்வதில்லை. எனவே அரசாங்கத்தின் இலவசப் பேணலுக்கு அவ்வாயில் அடைபட்டுள்ளது. செல்வன் புண்ணுக்கு நியாயம் கேட்க மன்றம் உண்டு, ஏழை புண்ணுக்கு இல்லை என்று இதனை ஒருவர் சுருக்கிச் சொன்னால் யான் மறுக்கமாட்டேன்.

பிற நாட்டார் இதனை எவ்வாறு செய்கின்றனர்? இங்கிலாந்தில் முதியோரின் இல்லப் பேணல் உள்ளூர் மன்றத்தாரின் கடமை. 2014ஆம் ஆண்டுப் பேணற் சட்டத்தின்படி மன்றத்தார் முதியவரின் தேவையை அளந்து, அவர்க்கு என்னென்ன செய்யப்படும் என்பதை எழுத்தாற் கொடுத்தல் வேண்டும். அங்குக் குறையே இல்லையோ எனின், ஏராளமாய் உண்டு. கால்மணி நேரத்தில் வந்து, முகங்கழுவி, உணவைச் சூடாக்கி வைத்துவிட்டு ஓடிப்போகின்றனர் என்பது அந்நாட்டார் நெடுநாளாகக் கூறும் புலம்பல். இலண்டனில் வாழும் நம் ஈழத்துச் சகோதரர்களும் அதனைக் கூறுவர். அரைமணிக்குக் குறைந்த வருகை சில நிபந்தனைகளுக்கு உட்பட்டாலன்றிக் கூடாது என்று 2015இல் அந்நாட்டு மருத்துவத் தரக்கழகம் நெறி வகுத்தது. யான் உங்கள் கவனத்திற்குக் கொணர்வது வேறொன்று. மன்றத்தார் தனியார் கம்பெனிக்குக் குத்தகை விட்டிருந்தாலும், குறைக்கு விடை சொல்லவேண்டியவர் மன்றத்தாரே என்று அங்குள்ள முறைகேள் அதிகாரி கொள்கின்றார். 1974 முதல் இயங்கிவரும் பதவி அது. மன்றத்தார் விடையில் மனநிறைவு பெறாதார் அவரிடம் செல்லலாம். "அது என் பொறுப்பன்று, அவர் பொறுப்பு" என்னும் பேச்சுக்கு அங்கு இடம் குறைவு.

அத்துணைத் தொலைவு போகவும் வேண்டா. கேரளத்தில் 2008ஆம் ஆண்டிலேயே வலி தணிக்கும் மருத்துவத்திற்கென்று அரசாங்கக் கொள்கை வகுத்து, ஊராட்சிகளின் பொறுப்பில் விட்டனர். பயிற்சி பெற்ற செவிலி ஊர்த் தொண்டர்களோடு வீடு வீடாகச் செல்கின்றார். அவரை அமர்த்தியது ஊராட்சி. எனவே குறை நேர்ந்தால் செல்லவேண்டிய வாயிலும் அதுவே. ஊரார் தலைவரை டீக்கடையில் கண்டே கேட்டுவிடலாம்.

நமக்கும் ஒரு மன்றம் உண்டு. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்னும் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி அமைந்தது. மண்டலங்கள் 5, வார்டுகள் 70. உள்ளாட்சி நாளாகிய 2022 நவம்பர் 1ஆம் நாள் பகுதி சபைக் கூட்டங்கள் நடைபெற்றபோது, நம் பம்மலில் 6ஆவது வார்டுக் கூட்டத்திற்கே முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அவர்கள் நேரில் வந்திருந்தார்கள். அன்று இருந்த கூட்டம் பிறகு இருந்ததா என்பதை உங்கள் நெஞ்சையே கேளுங்கள். பகுதி சபையில் எழுந்து பேசுவோர் சாலை, சாக்கடை, தெருவிளக்கு, நாய்த்தொல்லை இவற்றையே பேசுவர். படுக்கையிற் கிடப்பார் அங்கு வர இயலாது. அவரைப் பார்த்துக்கொள்ளுபவரும் அவரை விட்டு வர இயலாது. ஆகவே இவ்வொரு குறை மட்டும் சபையில் ஒலிப்பதே இல்லை. சாக்கடையைப் பற்றிப் பேச ஐம்பது பேர் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவர் இதனைப் பேசினாற் போதும்.

எவ்வாறு பேசுவது, எழுதுவது? இங்குத்தான் நம்மவர் பெரிதும் தவறுகின்றனர். வழக்கமாக எழுதப்படும் மனுவின் போக்கு இது: "எங்கள் தெருவிற்கு எவரும் வருவதில்லை. கேட்டால் சரியான பதில் இல்லை. ஏழைகளை யாரும் மதிப்பதில்லை. ஆகவே தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்." இதில் நடவடிக்கை எடுப்பதற்கு என்ன இருக்கின்றது? "விசாரித்தோம்; பணியாளர் சென்று வருகின்றார்" என்று ஒரு வரி எழுதி மனுவை முடித்துவிடுவர். அவ்வரியும் பொய்யாகாது, பணியாளர் எந்தத் தெருவிற்கோ சென்றுதானே வருகின்றார்!

வேறொரு மனுவை எடுத்துக்காட்டாக யானே புனைந்து சொல்லுகின்றேன்: "என் தாயார்க்கு வயது 78. இடப்பக்கம் வாதத்தாற் செயலற்றது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. சூன் 4ஆம் நாள் 30 நாளைக்கு மாத்திரை பெற்றோம். சூலை 4 முதல் 23 வரை ஒருவரும் வரவில்லை. 9ஆம் நாள் சுகாதார நிலையத்திற்குச் சென்றேன். இரத்த அழுத்த மாத்திரை இருப்பில் இல்லை என்றனர். கடையில் வாங்கிய இரசீது இத்துடன் உள்ளது. இயன்முறை மருத்துவர் வந்த நாள்கள் ஏப்ரல் 11, மே 16, பின்னர் வரவில்லை. அடுத்து இருவரும் வரும் நாள்களை எழுத்தாற் தெரிவிக்க வேண்டுகிறேன்." இதனைப் படிக்கும் அதிகாரிக்கு மூன்று செய்திகள் தெளிவாகும். மாத்திரை இல்லாமை கொள்முதல் செய்வோர் குற்றம், தன்னார்வலர் குற்றமன்று. இயன்முறை மருத்துவர் வாராமை வேறொரு குறை. ஒருவரே எத்தனை வார்டுகளுக்கு அலைகின்றார் என்று கேட்கவேண்டியது. மூன்றாவது, இம்மனு எழுதியவர் நாள் குறித்து வைப்பவர். இவரை ஒரு வரியில் முடிக்க இயலாது. இத்தகைய மனுவுக்கும் விடை வாராவிடின், அதே கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தோடு அனுப்பலாம். 30 நாளில் விடை தரவேண்டுமென்பது 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் நடத்தும் குறைதீர்க்கும் கூட்டமும், முதியோர்க்கென்று ஏற்பட்ட 14567 என்னும் தொலைபேசி எண்ணும் உண்டு. எங்குச் சென்றாலும் நாள் குறித்த ஏடு ஒன்று கையில் இருந்தால்தான் பேச்சு நிற்கும்.

அவ்வேட்டை நோயாளியின் தலைமாட்டிலேயே வைத்தல் வேண்டும். வந்தவர் யார், எந்நேரம் வந்தார், எவ்வளவு நேரம் இருந்தார், என்ன செய்தார், என்ன இல்லை என்றார் என்பவற்றை எழுதி, வந்தவரிடமே கையொப்பம் பெறலாம். இது அவரை வேவு பார்ப்பதற்கன்று. வெயிலில் ஒழுங்காக வந்து போகும் பெண்ணுக்கு அதுவே சாட்சி. மேலதிகாரி அவர்மீது பழி சுமத்தினால் நம் வீட்டு ஏடு அவர்க்குத் துணை நிற்கும். இதனை அவரிடம் விளக்கிச் சொன்னால் கையொப்பமிட அவர் தயங்கமாட்டார். எழுதும் வேலை மருமகள் தலையிலேயே விழும் என்று பின்வரிசைத் தாய்மார் நகைப்பது கேட்கின்றது. நியாயமே. மருந்து கொடுப்பதும் புண் துடைப்பதும் அவர் செய்கின்றார். எழுதுவதையேனும் மகன் செய்யட்டும்.

மாநகராட்சியிடம் நாம் கேட்கவேண்டியது பெரிதொன்றுமில்லை. படுக்கையில் உள்ள ஒவ்வொருவர்க்கும், இன்ன பணி, மாதத்திற்கு இத்தனை முறை, வாராவிடின் அறிவிக்கவேண்டியவர் இவர் என்று மூன்று வரி எழுதிய ஒரு தாள். அத்தாள் இல்லாத வரையில் குறை இன்னதென்று அளப்பதற்கே கோல் இல்லை. பத்து நாள் பிந்தியது குறையா, இருபது நாள் பிந்தியது குறையா என்பதை அவரவர் பொறுமையே தீர்மானிக்கின்றது; முதியோர் பொறுமையோ எல்லையற்றது. அடுத்த பகுதி சபைக் கூட்டங்களில் இவ்வொரு கோரிக்கையையே நம் உறுப்பினர் அனைவரும் தத்தம் வார்டுகளில் எழுப்புதல் வேண்டும். நம்மவர் வீட்டு முதியோர்க்கு மட்டும் என்று கேட்பது கூடாது. தெருவில் உள்ள எல்லார்க்கும் சேர்த்தே கேட்கவேண்டும். ஆலந்தூர், நங்கைநல்லூர்ப் பக்கத்து உறுப்பினர்கள் சென்னை மாநகராட்சியைச் சேர்ந்தவர்கள். அவர்கள் மனு அங்குச் செல்லவேண்டும். முகவரி மாறிய மனு மூன்று மாதம் தூங்கும்.

சங்கத்தின் செலவில் 100 நோட்டுப் புத்தகங்கள் வாங்கிக் கோடிட்டு மேசைமேல் வைத்திருக்கின்றோம். வீட்டில் படுக்கையில் முதியோர் உள்ளவர்கள், கூட்டம் முடிந்தபின், தெருப் பெயரையும் வார்டு எண்ணையும் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள். எழுதப் படிக்க இயலாத இல்லங்களுக்கு வாரம் ஒருமுறை சென்று எழுதித் தர இளைஞர் இருவர் முன்வந்துள்ளனர். இன்னும் நால்வர் வேண்டும்.